நிழல் நகராத ஊரின் பாட்டு

குன்றத்தூர்
9 ஜூன் 2024

‘பகலூர்’ பாடிய தம்பிக்கு,

வணக்கம். நீங்கள் எனக்குத் தம்பியா அண்ணனா என்று தெரியாது. குரலை வைத்துத் தம்பி என்று முடிவு செய்துகொண்டேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் உமாதேவி. வயது நாற்பத்திரண்டு. ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். உங்கள் மாதிரிப் பாட்டுக்கு நான் ஆள் இல்லை. மூச்சு விடாமல் பேசுவதற்கு எதற்குப் பாட்டு என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டவள்தான். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் சுகப்பிரியா என்ற பெண் போன மாதம் இயர்போனில் ஒன்றை எடுத்து என் காதில் வைத்தாள். “நம்ம பஸ்ஸப் பத்திதான் மேடம் பாடிகினு கீறாங்க, கேளுங்க” என்றாள்.

பாட்டில் வருவது சிங்கப்பெருமாள் கோவிலில் காலை அஞ்சே காலுக்கு ஆட்களை ஏற்றும் பஸ். மேம்பாலம் ஏறிய பஸ் மறுபக்கம் இறங்கவே இல்லை. அப்படியே மேலே போய்விட்டது. முதல் பாட்டு அங்கே முடிந்தபோது என் பஸ்ஸும் மேம்பாலத்தில் இருந்தது. சிரிப்பு வரவில்லை, தம்பி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

சுகப்பிரியா எந்தப் பாட்டை வேண்டுமானாலும் முன்பின்னாகப் போடுவாள். ஒன்பதும் ஒரே கதை என்று எனக்கு இரண்டாவது வாரம்தான் புரிந்தது. அப்புறம் அவளிடம் மெமரி கார்டை வாங்கி வந்து, வீட்டில் வரிசையாகக் கேட்டேன். நூறு வருஷத்துக்குப் பிறகு கம்பெனிகள் எல்லாம் சூரியன் அஸ்தமிக்காத ஒரு கிரகத்துக்குப் போய்விடுகின்றன. இரவு இல்லாததால் ஷிப்ட் முடிவதே இல்லை. அங்கே வேலைக்குப் போன 4417 என்ற நம்பர்க்காரனின் கதை. இத்தனை பெரிய கற்பனையை இத்தனை சின்ன வார்த்தைகளில் சொல்ல முடியுமா என்று ஆச்சரியப்பட்டேன். மூன்றாவது பாட்டை எழுதியே வைத்துக்கொண்டேன்:

இங்க சூரியன மேல ஆணி அடிச்சு மாட்டிகீது,
என் நிழலு எங்கயும் போவாம காலாண்ட குந்திகீது.
சாக்பீஸு எடுத்து நிழல சுத்திக் கோடு போட்டேன்,
அதுக்கு வூடுன்னு ஒரு பேரு எழுதி வச்சுட்டேன்.

ஆறாவது பாட்டில் பூமியிலிருந்து வரும் செய்தி சேரப் பதினோரு வருஷம் ஆகிறது. ‘சாப்டியான்னு அம்மா கேட்டது பதினோரு வருஷம் முன்ன, சாப்டேன்னு நான் சொல்றது சேரும் பதினோரு வருஷம் பின்ன.’ இதைக் கேட்டுவிட்டு நான் குக்கரை அணைக்க மறந்துபோனேன்.

கார்டு உறையில், “சொல்ல ஏதாவது இருந்தால் கடிதம் எழுதுங்கள். போன் நம்பர் தர மாட்டோம். பகலூருக்குச் செய்தி மெதுவாகத்தான் வரும்” என்று பென்னலூர் முகவரி போட்டிருந்தீர்கள். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் திருத்தி வாசிக்கவும்.

அன்புடன்,
பொ. உமாதேவி


பென்னலூர்
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பிதான். இருபத்தாறு வயது. பெயர் இளம்பரிதி. இந்த ஊர்க்காரன். கண்ணாடி செய்யும் கம்பெனியில் உலைப் பக்கம் வேலை.

இதுவரை எழுபது கார்டு கொடுத்திருப்போம். கடிதம் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் பார்க்கும்போது “சூப்பர் மச்சி” என்று தோளைத் தட்டுவார்கள். சூப்பர் என்றால் எந்தப் பாட்டு, எந்த வரி என்று கேட்டால் முழிப்பார்கள். உங்கள் கடிதத்தை ஷிப்ட் முடிந்து வந்து யூனிபார்மைக்கூட மாற்றாமல் வாசித்தேன்.

நிழல் பாட்டு எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல ஆசை. எங்கள் உலைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கூரை விளக்குதான். ஒருநாள் தரையில் என் நிழலைப் பார்த்தேன். உள்ளே வந்தபோது எங்கே விழுந்ததோ, எட்டு மணி நேரம் கழித்தும் அங்கேயே விழுந்தது. வெளியே சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டது, என் நிழலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே கிரகம் கிடைத்துவிட்டது. பகலூர் என்ற பெயர் பிறகு வந்தது.

வார்த்தையும் குரலும்தான் என்னுடையவை. தாளம், பின்னால் கேட்கும் சத்தம் எல்லாம் என் அறைத் தோழன் மாசானம் செய்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். போனிலேயே வாசிக்கிறான். உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். “தாளத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியே அக்கா” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்த கடிதத்தில் அவனுக்கும் ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. சமையல் அவன் முறை.

உங்கள் தம்பி,
இளம்பரிதி


குன்றத்தூர்
14 ஜூலை 2024

அன்புள்ள இளம்பரிதிக்கு,

உன் தோழனிடம் சொல். தாளத்தைப் பற்றி எழுதாமல் விட்டது தெரியாததால்தான், பிடிக்காததால் இல்லை. இந்த முறை அதற்காகவே மூன்று நாள் கேட்டேன்.

மற்றப் பாட்டுகளில் அடி சரியாகக் கடிகாரம் மாதிரி விழுகிறது. உங்கள் பாட்டில் மூன்றாவது அடி ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. முதலில் என் போன் கோளாறு என்று நினைத்தேன். பிறகுதான் அது அழகாக இருப்பது தெரிந்தது. களைத்துப்போன மனிதன் படியேறுகிற மாதிரி, ஒரு கால் யோசித்து யோசித்து வருகிறது. அந்தப் பிந்தல் இல்லாவிட்டால் 4417 ஒரு நம்பராகவே இருந்திருப்பான். அதனால்தான் அவன் மனிதன். இதை அப்படியே வாசித்துக் காட்டு.

இன்னொன்று கேட்க வேண்டும். பஸ்ஸை ஓட்டுகிற, வேலையும் வாங்குகிற ‘வழித்துணை’ என்ற இயந்திரத்தைப் பற்றி. இந்த மாதிரிக் கதைகளில் இயந்திரம் கர்ஜிக்கும், கொல்லும். உங்கள் வழித்துணை ஒரு பெண் குரலில் கனிவாகப் பேசுகிறது. கெட்டது எதையும் சொல்வதில்லை. நான்காவது பாட்டில் 4417 கை ஓய்ந்து நிற்கும்போதும், “கொஞ்சம் பாத்துப் போட்டுக்கோப்பா, இன்னும் அரை மணிதான்” என்கிறது. ஒன்பதாவது பாட்டில் அவன் அதை உடைக்கக் கம்பியோடு போகிறான். ஆனால் உடைக்கவில்லை. ‘நிறுத்து’ என்று ஒரே ஒருமுறை சொல்லச் சொல்கிறான். அதற்குக் கொடுத்த சொற்பட்டியலில் அந்தச் சொல்லே இல்லை. அது தேடிக்கொண்டே இருக்கிறது. அரை நிமிடம் சத்தமே இல்லாமல் பாட்டு முடிகிறது. கோபப்பட வந்தவனை இரங்க வைத்துவிட்டீர்கள்.

அந்த அரை மணி வாக்கியம் நீ எழுதியதா, எங்காவது கேட்டதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உலைச் சூட்டுக்கு மோர் குடி.

அக்கா,
உமாதேவி


பென்னலூர்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மாசானம் இரண்டு முறை வாசிக்கச் சொன்னான். மயிரிழை என்ற இடத்தில் நிறுத்தி, “இன்னொருக்க வாசி” என்றான். பிறகு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.

அக்கா, அந்தப் பிந்தல் அவன் வேண்டுமென்று வைத்ததில்லை. மாசானம் வலதுகைக்காரன். வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது. இடது கையால் வாசிக்கிறான். மூன்றாவது அடிக்கு மட்டும் அந்த வலது கட்டைவிரலைக் கொண்டுவர அவ்வளவு நேரம் ஆகிறது. கணினியில் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நான் சொன்னேன். “இருக்கட்டும்ல, என் கை அதுதான்” என்று சொல்லிவிட்டான்.

2022 அக்டோபரில் நடந்தது. தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மிஷினில் ஒப்பந்த ஆளாக இருந்தான். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. லைனைப் பார்த்துக்கொண்ட மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் சொன்னதுதான் நீங்கள் கேட்ட வாக்கியம். ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை. இருபது நிமிடத்தில் நாலு விரலும் போய்விட்டது.

நான் முதலில் வழித்துணையைப் பேயாகத்தான் எழுதியிருந்தேன். கத்தும், சிரிக்கும். மாசானம் ஒத்துக்கொள்ளவில்லை. “அவிய அப்படிச் சொல்லலல. நல்லாத்தான் சொன்னாவ. தம்பிக்குச் சொல்லுத மாதிரி. அவியளுக்கும் மேல இருந்து ஒருத்தன் சத்தம் போட்டுக்கிட்டேதான் இருந்தான்” என்றான். அதனால்தான் எங்கள் தோழி ஷெர்லினைக் கனிவாகப் பேசச் சொல்லி அந்தக் குரலைப் பதிவு செய்தோம்.

அவனுக்கு மனது ஆறாத இடம் வேறு. கம்பெனி எழுதிய அறிக்கையில், சென்சார் சரியாக இருந்தது, இவனுடைய கவனக்குறைவால் நடந்தது என்று இருக்கிறது. அந்த மேடமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்; அது வெறும் கிறுக்கல், லைனில் எல்லாரும் மேடம் என்றே கூப்பிட்டதால் அவர் பெயர்கூட இவனுக்குத் தெரியாது. வேறு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனால் கையைப் பார்க்கிறார்கள், பிறகு அந்தச் சொல்லைப் பார்க்கிறார்கள். அதை மாற்றச் சொல்லித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுப் போட்டிருக்கிறோம். விசாரணை நடக்கிறது. எங்கள் பக்கம் சொல்ல ஆளில்லை.

மோர் குடிக்கிறேன். ஆயுத பூஜைக்கு இங்கே ஒரு மாடியில் பகலூர் முழுவதையும் பாடப்போகிறோம். கட்டாயம் வாருங்கள். மாசானம் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான்.

தம்பி,
இளம்பரிதி


குன்றத்தூர்
20 அக்டோபர் 2024

இளம்பரிதிக்கு,

ஆயுத பூஜைக்கு நான் வரவில்லை. இரண்டு மாதம் பதிலும் எழுதவில்லை. உன் தபால் அட்டை இரண்டும் வந்தன. உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தாய். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

அந்த மேடம் நான்தான்.

நான்காவது பாட்டை முதலில் கேட்டபோதே திக்கென்றது. எல்லா லைனிலும் எல்லாரும் சொல்கிற வாக்கியம்தானே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். மாசானம் என்று நீ பெயர் எழுதியபோது, தெற்கே அந்தப் பெயர் நிறைய உண்டு என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று நான் எழுதியது பாதிப் பொய். எனக்குப் பாதி தெரியும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவன் வந்து சொன்னான். நான் ஷிப்ட் நோட்டில் எழுதிவிட்டு, மேலே இருப்பவருக்குப் போன் செய்தேன். “இந்த லாட் சரக்கு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நான் போய் மாசானத்திடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். கனிவாகச் சொன்னேன் என்று அவன் சொன்னானாம். ஆமாம், கனிவாகத்தான் சொன்னேன். கத்தியிருந்தால் அவன் மறுத்திருப்பான்.

உன் வழித்துணைக்குச் சொற்பட்டியலில் ‘நிறுத்து’ இல்லை. அதனால் அதன்மேல் இரக்கம் வருகிறது. எனக்கு அந்தச் சொல் இருந்தது. கையெட்டும் தூரத்தில் சிவப்புப் பட்டனாக இருந்தது. அழுத்தினால் லைன் முழுவதும் நிற்கும், பிறகு ஏன் நின்றது என்று நான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் கையை எடுத்துக்கொண்டேன். இயந்திரத்துக்கு நீங்கள் இருவரும் கொடுத்த மன்னிப்பு எனக்குச் சேராது. இதை உனக்குச் சொல்லாமல் உன் பாட்டைப் பாராட்டிக்கொண்டே இருந்தால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

நோட்டில் நான் எழுதிய பக்கம் மறுநாள் இல்லை. அறிக்கையை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து அங்கிருந்து விலகிவிட்டேன். விலகியதால் எதுவும் மாறவில்லை.

அந்தப் பிந்தலை அழகு என்று எழுதினேனே. அதை நினைக்கும்போது எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

உமாதேவி


பென்னலூர்
4 நவம்பர் 2024

உமாதேவி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கிழிக்கப் பார்த்தேன். பிறகு மாசானத்துக்கு வாசித்துக் காட்டினேன். இதுவரை வந்த எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன், இதை மறைக்க முடியாது. அவன் தட்டை எடுத்து வைத்துவிட்டு வெளியே போனான். அன்றைக்கு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

நீங்கள் கேவலம் என்று எழுதியிருக்கிறீர்கள். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் வைத்து நாங்கள் என்ன செய்வது? எங்களுக்குத் தேவை பாட்டைப் பற்றிய கடிதம் இல்லை. மன்னிப்புக் கடிதமும் இல்லை. டிசம்பர் 19 காலை பதினொரு மணிக்கு விசாரணை. முகவரி பின்னால் எழுதியிருக்கிறேன். எனக்கு எழுதியதை அங்கே வந்து சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத வேண்டாம். நான் தெரிந்துகொள்வேன்.

இளம்பரிதி


குன்றத்தூர்
8 டிசம்பர் 2024

இளம்பரிதிக்கு,

பத்தொன்பதாம் தேதி வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன்.

பழைய கம்பெனியிலிருந்து எப்படியோ தெரிந்து ஒருவர் போன் செய்தார். “இன்னா மேடம், இப்ப நல்லாத்தானே கீறீங்க, எதுக்கு இதுல தலையக் குடுக்கிறீங்க” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இப்போதைய கம்பெனியின் மேனேஜரும் கூப்பிட்டு, கோர்ட் கேஸ் என்று அலைகிறவர்கள் இங்கே வேண்டாம் என்றார். ஜனவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதை உன் பரிதாபத்துக்காக எழுதவில்லை. வேறு வழியில் உன் காதுக்கு வந்து, அதனால் நான் பின்வாங்கிவிடுவேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. வாய்ச்சொல்தான். மாசானத்தோடு நான் பேச முயல மாட்டேன். பார்க்கவும் மாட்டேன். சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

உமாதேவி


பென்னலூர்
30 மார்ச் 2025

அக்காவுக்கு,

ஆணை வந்துவிட்டது. கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். சென்சார் பழுதாக இருந்தது தெரிந்தும் மிஷின் இயக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். மாசானம் அதில் ஒரு நகல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். போன வாரம் பென்னலூரிலேயே ஒரு சரக்குக் கிடங்கில் பதிவு எழுதும் வேலை கிடைத்தது. கேட்டதற்குக் காகிதத்தைக் காட்டினானாம்.

அன்றைக்கு நீங்கள் பேசியதை நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். “அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க” என்று கம்பெனி வக்கீல் மடக்கினார். “பயம். அடுத்த மாசம் பெரிய பொறுப்பு தரேன்னாங்க, அந்த ஆசையும்தான்” என்றீர்கள். அந்த ஆசையை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

நீங்கள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனபோது மாசானம் படியில் நின்றான். “அவியள நிக்கச் சொல்லு” என்றான். நான் இரண்டு எட்டு வைத்ததும், “வேண்டாம், போட்டும்” என்றான். இவ்வளவுதான். நீங்கள் ஷேர் ஆட்டோ ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆணை வந்த அன்று, உங்களுக்கு எழுதப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன். அதற்கு அவன் சொன்னது: “எழுது. செஞ்சது பெரிய காரியம்னு சொல்லு. எனக்கு அவிய மேல கோவம் இல்ல. ஆனா நீ அவிய எழுத்த வாசிக்கும்போது எனக்கு அந்த மிஷின் சத்தம் கேக்கு. முன்னால தெரியாம கேட்டேன், சந்தோசமா இருந்துது. இப்ப முடியலல. நீ வேணும்னா எழுதிக்க, எனக்கு வாசிக்காத.”

அக்கா, நான் ஒரு வாரம் யோசித்தேன். ஒரே அறையில் இருக்கிறோம். ஒரே பாட்டைச் செய்கிறோம். அவனுக்கு வாசிக்க முடியாத கடிதத்தைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு அவன் தாளத்துக்கு நான் பாட முடியாது.

உங்களுக்கு வேலை போய்விட்டது என்று, எங்களிடம் கார்டு வாங்க வந்தபோது சுகப்பிரியா சொன்னாள். குன்றத்தூரிலேயே ஒரு தையல் கூடத்தில் சேர்ந்திருக்கிறீர்களாம். அது நிலைக்கட்டும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பாட்டை உங்களைப்போல் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை. இனிமேல் ஒருவர் வருவாரா என்றும் தெரியவில்லை. அடுத்ததை எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு வரியும் முடிந்ததும், இதை நீங்கள் கேட்டால் என்ன எழுதுவீர்கள் என்று நினைப்பு வருகிறது. அந்த நினைப்போடு இருந்துகொள்கிறேன்.

நல்லபடியாக இருங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம், அக்கா.

இளம்பரிதி